கறுப்பு டிஸ்க்

கறுப்பு ஹார்ட் டிஸ்க்குடன் ஜெபசீலன் முதலாளியின் அறையிலிருந்து வெளியே வந்ததும், அலுவலகத்தில் கீபோர்டு சத்தம் அடங்கிவிட்டது. யாருடைய மெயிலை அவன் அதில் பேக்கப் எடுக்கிறானோ, அவர் மறுநாளிலிருந்து வேலைக்கு வருவதில்லை. முதலாளி காரணம் சொல்லமாட்டார், பெயரை மட்டும்தான் சொல்வார். ஜெபசீலன் அந்த நாற்காலி அருகே போய், "கொஞ்சம் எந்திரிங்க" என்பான். எழுந்தவர் பேக்கப் முடியும்வரை பக்கத்திலேயே நிற்பார். யாராவது அவருக்கு ஓர் இஞ்சி டீ சொல்வார்கள். இன்று பெயரை இன்னொரு தடவை கேட்டுக்கொண்டுதான் வெளியே வந்திருந்தான்.

கணக்கு பார்க்கும் தில்லைநாயகி அவனைக் கண்டதும் பாதி எழுந்தேவிட்டாள். "நானா சார்?"

"இல்லம்மா, உக்காருங்க."

ஸ்டோர்ஸ் மைதீன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மேசைக்கடியில் அவருடைய கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. அவரையும் தாண்டினான். ஜன்னலோர மேசைகளும் முடிந்தன. அதற்கப்புறம் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அதன் முதுகில் அவனுடைய துண்டு தொங்கியது. அதன் முன்னால் நின்று, வாய்ப் பழக்கத்தில், "கொஞ்சம் எந்திரிங்க" என்றான். பிறகு டிஸ்க்கைச் செருகிவிட்டு, உட்காராமல் பக்கத்திலேயே நின்றான்.

முதுகுக்குப் பின்னால் கீபோர்டுகள் ஒவ்வொன்றாகச் சத்தமிட ஆரம்பித்தன.

"மைதீன் பாய்," என்றாள் தில்லைநாயகி. "ஜெபா சாருக்கு ஒரு இஞ்சி டீ சொல்லுங்க. சக்கரை கொஞ்சம் தூக்கலா."