அம்மாவுக்கு வாங்கியது

"அம்மா மணிக்கட்டைப் பாத்தா மனசு கேக்கலீங்க. இருக்கறதுலயே நல்ல கீபோர்டா காட்டுங்க" என்றான் உதய். சொல்லும்போதே அவன் குரல் கம்மியது.

ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் அந்தக் கம்ப்யூட்டர் கடைக்குள், அவனுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மமதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெற்றவளின் கைவலிக்கே இப்படித் துடிக்கிறவன், கட்டினவளை எப்படித் தாங்குவான்!

கடைக்கார ஸ்ரீராம் ஒரு பெட்டியைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். கீபோர்டு நடுவில் பிளந்து இரண்டு துண்டாக இருந்தது. ஒவ்வொரு துண்டும் கூரைபோல வெளிப்பக்கம் சரிந்திருந்தது.

"இன்னாங்க இது, ஒடைஞ்சி போனாப்பல இருக்குது?" என்றாள் மமதா.

ஸ்ரீராம் சிரித்தார். "அது அப்படித்தாம்மா வரும். ரெண்டையும் தோள் அகலத்துக்குத் தள்ளி வெச்சிக்கலாம், மணிக்கட்டு வளையாது. மெக்கானிக்கல் கீ, லேசா தொட்டாலே எழுத்து விழுந்துடும். நாள் பூரா அடிச்சாலும் கை நோவாது."

"நாள் பூரா அடிக்கலாமா?" உதய் இன்னொரு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டான்.

"தாராளமா. அம்மா இன்னா சார் வேலை பண்றாங்க?"

"கோல்டு மைன்ஸ் ஆபீஸ்ல ஸ்டெனோவா இருந்தாங்க. மைன்ஸ மூடி இத்தினி வருசம் ஆவுது, இன்னும் டைப் அடிக்காட்டி அவங்களுக்குப் பொழுது போவாது."

சொல்லிவிட்டு மமதா பக்கம் திரும்பினான். "நீ கொஞ்சம் அடிச்சுப் பாரு. உன் கையும் அம்மா கையும் ஒரே சைஸ்தான்."

மமதா கூச்சத்தோடு விரல்களை வைத்தாள். முதல் வரியில் தடுக்கியது. அடுத்த வரியில் ஓடத் தொடங்கியது. காலேஜ் நாளில் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் பழகிய பழக்கம் விரலை விட்டுப் போகவில்லை. கீழே குனிந்து பார்க்காமலே அவள் அடிக்க, கடையில் மழை பெய்கிற மாதிரி சடசடவென்று சத்தம் எழுந்தது.

உதய் துண்டுகளை இப்படி நகர்த்தினான், அப்படி நகர்த்தினான். "தோள் இழுக்குதா? சுண்டு விரலு எட்டுதா?" என்று விடாமல் கேட்டான். கூறைப் புடவை எடுத்த அன்றுகூட அவன் இவ்வளவு அக்கறை காட்டவில்லை. அம்மா விஷயம் என்றால் பிள்ளைக்கு உயிர்தான் என்று அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

ஊரிகத்துக்கு ஆட்டோவில் திரும்பும்போது பெட்டி அவள் மடியில் இருந்தது. நகை, சீர் என்று வாய் திறக்காமல் பெண்ணை மட்டும் கேட்டு வந்த குடும்பம். அவள் பார்த்துவந்த பங்காருபேட்டை வக்கீல் ஆபீஸ் வேலையைக்கூட, "எவன்கிட்டயும் நீ கைகட்டி நிக்க வேணாம்" என்று கல்யாணத்துக்கு முன்பே விடச் சொன்னவன் உதய். அவள் அம்மா இதைச் சொந்தக்காரர்களிடம் இன்னும் சொல்லி முடித்தபாடில்லை.

சுரங்கக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டின் முன்னறையில், வலது கையில் துணிக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள் மாமியார் சரோஜம்மா. உதய் பெட்டியைத் திறந்து காட்டினான். அவள் கீபோர்டைப் பார்த்தாள்; பிறகு மருமகளைப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்த மமதாவுக்கும் கண் கலங்கியது. "கையக் குடுங்க அத்தை, வெச்சிப் பாக்கலாம்."

சரோஜம்மாவின் விரல்கள் மடங்கவே இல்லை. "போவட்டும்மா" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

அதற்குள் உதய் பின்னறையில் கீபோர்டை மாட்டி முடித்திருந்தான். அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் அடித்துக் கொடுப்பது அவனுக்கு வேலை; வீட்டிலிருந்தே செய்யலாம். கல்யாணத்துக்குப் போட்ட லீவு முந்தின நாளோடு முடிந்திருந்தது.

"மமதா, வந்து உக்காரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"நானா? அத்தைக்குத்தானே வாங்குனோம்?"

"அவங்க கைதான் போயிடுச்சே. இனிமே தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னிலேர்ந்து நீ அடி."

"இது உங்க வேலையாச்சேங்க!"

"பேருதான் என்னுது. இத்தினி நாளா அடிச்சதெல்லாம் அம்மாதான்." வெட்கமோ தயக்கமோ இல்லாமல் சொல்லிவிட்டு பைக் சாவியை எடுத்தான். "டாக்டருங்க வேகமாப் பேசுவாங்க, போவப் போவப் பழகிடும். நான் கிரவுண்டு வரைக்கும் போயிட்டு வரேன். வர்றதுக்குள்ள முடிச்சி வெச்சிடு."

பைக் சத்தம் தெருமுனை தாண்டும்வரை மமதா அசையாமல் நின்றாள். பிறகு பின்னறை வாசலில் வந்து நின்ற மாமியாரைப் பார்த்தாள்.

"இது இன்னா அநியாயம் அத்தை? அம்மாவ உக்கார வெச்சி கைய ஒடச்சிட்டு, இப்ப என்னைய உக்காரச் சொல்றாரே. நீங்களாவது ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

சரோஜம்மா மருமகளின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். ஹெட்போனை இடது கையால் எடுத்து, பூ கசங்காமல் அவள் தலையில் மாட்டினாள். ஒரு காதை மட்டும் மூடாமல் விட்டு, அதன் பக்கம் குனிந்தாள்.

"ஜாதகம் எத்தினியோ வந்துச்சிம்மா. டைப்பிங் தெரிஞ்சவதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னான்."