பதினோரு நிமிஷம்

"பதினோரு நிமிஷம் குறையுதும்மா. உங்களை இந்த விமானத்துல வேலைக்கு ஏத்த முடியாது."

பணி அட்டவணை அதிகாரி கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. விமானப் பணியாளர்களின் ஓய்வு நேரத்தைக் கணக்குப் பார்த்துப் பார்த்து அவருக்கு 'நிமிஷம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. மனிதர் தும்முவதானாலும் நேரம் குறித்துக்கொண்டுதான் தும்முவார் என்று பேச்சு.

பணிப்பெண் அவர் மேஜையை நெருங்கினாள்.

"சார், எங்க வீட்டுக்காரர் கப்பல் இன்னிக்குச் சாயங்காலம் இந்த விமானம் போற ஊர்த் துறைமுகத்துக்கு வருது. ஆறு மணி நேரம்தான் நிக்கும். அவரைப் பார்த்து ஏழு மாசம் ஆச்சு."

அவள் ஆகாயத்தில், அவன் கடலில். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் இருவரும் ஒரே தரையில் நின்றது மொத்தம் பத்தொன்பது நாள்.

"கூட வந்தவங்களுக்கெல்லாம் ஓய்வு சரியா இருக்கே சார்?"

"அவங்க நேத்து வந்ததுமே வேலை முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போட்டாங்க. நீங்க நாற்பது நிமிஷம் கழிச்சுப் போட்டிருக்கீங்க."

வாஸ்தவம்தான். தனியாகப் பயணம் செய்த ஒரு சின்னப் பெண்ணின் அப்பா வந்து சேரும்வரை அதன் கூடவே உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்திலிருந்த தோழி கிள்ளினாள். "அடி உண்மை விளம்பி! எங்க நேரத்தையே எழுதித் தொலைச்சிருந்தா யாருக்குடி தெரியப்போகுது?"

"பயணியாவாவது போறேன் சார். பயணிக்கு ஓய்வுக் கணக்குக் கிடையாதுல்ல?"

"விமானம் நிறைஞ்சாச்சு. கடைசி சீட்டு எனக்கு. லீவுல ஊருக்குப் போறேன். மூணு வருஷத்துல முதல் லீவு."

அப்போதுதான் கவனித்தாள். மேஜைக்கடியில் புதுப் பெட்டி. அவர் காலில் முகம் பார்க்கலாம் போல் புது ஷூ.

"நல்லாயிருக்கு சார். எங்களுக்குச் சட்டம், உங்களுக்குச் சன்னலோர சீட்டு."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அவளுக்குப் பதிலாக வேறொருத்தி வேலைக்குக் கிளம்பினாள். இவள் வராந்தாவில் உட்கார்ந்து, 'வரமுடியலை' என்று புருஷனுக்கு எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள்.

டிக்கெட் கவுன்ட்டர்க்காரி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "உன்னை எங்கெல்லாம் தேடறது? ஒரு சீட்டு காலியாயிடுச்சு. உன் பேரைப் போட்டாச்சு. ஓடு, ஓடு!"

பணிப்பெண்ணுக்குக் கால் தரையில் பாவவில்லை. பையை எடுக்க அலுவலகத்துக்குள் பாய்ந்தாள். 'நிமிஷம்' சாரைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்குமா?

"சார், உங்க கணக்கை நீங்களே வச்சுக்குங்க. யாரோ ஒரு புண்ணியவான் எனக்குச் சீட்டை விட்டுக்கொடுத்துட்டான்."

"கதவு மூடப் பதினோரு நிமிஷம்தான் இருக்கு" என்றார் அவர், கணினியைப் பார்த்தபடியே. "உண்மை நேரம் எழுதறவங்களுக்காகக் கப்பல் காத்திருக்காதும்மா. கிளம்புங்க."

பையை எடுக்கக் குனிந்தாள்.

மேஜைக்கடியில் பெட்டியைக் காணோம். அது அலமாரி மேல் ஏறியிருந்தது. அவர் காலில் பழைய ரப்பர் செருப்பு.