ஒருவருக்கும் சேதமின்றி

போதகர் அடுத்த ஸ்தோத்திரச் சீட்டைப் பிரித்தார். நீல மை தெரிந்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது, அது தன்னுடையது.

அப்போதுதான் உறைத்தது, என்ன எழுதித் தொலைத்தோம் என்று.

பிறந்தநாளோ, ஆப்பரேஷனோ, எதற்கு நன்றி சொல்லிச் சீட்டுக் கொடுத்தாலும் இந்தச் சபையில் எல்லோரும் எழுதுகிற வாசகம் ஒன்று உண்டு. நேற்றும் கை அதன் பாட்டுக்கு எழுதிவிட்டது. ஒருமுறை திருப்பிப் படித்திருக்கக் கூடாதா, பாவி!

மூன்று பெஞ்சு முன்னால், தூணோரம், பாக்கியம் உட்கார்ந்திருந்தாள். எப்ராயீமின் மனைவி.

எப்ராயீம் இவர்கள் வீட்டுக் காரைப் பதினோரு வருஷம் ஓட்டியவன். அவனை மண்ணில் வைத்து இன்றைக்கு இருபத்திரண்டு நாள்.

மதுரையில் கல்யாணச் சாப்பாடு முடித்துத் திரும்பிய மத்தியானம் அது. கோவில்பட்டியில் டீ குடிக்க நிறுத்தியபோது அவன் கேட்டான்.

"கண்ணு எரியுதும்மா. ஒரு அரைமணி நேரம் சாஞ்சுக்கிடட்டுமா?"

ஆறு மணிக்குப் பெண்கள் ஜெபக்கூட்டம். அவள்தான் நடத்த வேண்டும்.

"கர்த்தர் பாத்துக்கிடுவாரு. நீ வண்டிய எடு."

அவனும் சிரித்துக்கொண்டே எடுத்தான்.

சாலையோரம் நின்றிருந்த லாரி. அவன் பக்கம் அப்பளமாக நொறுங்கிப் போயிற்று. அவள் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கணவருக்கும் மகளுக்கும் ஒரு கீறல் இல்லை.

நன்றி சொல்ல வேண்டும்தான். பெற்ற பிள்ளை முழுசாகக் கிடைத்திருக்கிறாள், எப்படிச் சொல்லாமல் இருப்பது? ஆனால் முழங்கால் போட்டால் ஜெபம் வருவதில்லை. அந்த அரைமணி நேரம்தான் வருகிறது.

அவன் கேட்டதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவரும் மகளும் அப்போது டீக்கடைக்குள் இருந்தார்கள்.

போதகர் வாசித்தார்.

"பொன்ராஜ் குடும்பத்தார். கார் விபத்தில், குடும்பத்தில் ஒருவருக்கும் சேதமின்றிக் காத்த தேவ கிருபைக்காக."

பெயரை வாசித்தால் அந்தக் குடும்பம் எழுந்து நிற்க வேண்டும். ஆண்கள் பக்கம் கணவர் எழுந்தார். அவளுக்குப் பக்கத்தில் மகள் எழுந்தாள். முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவளும் எழுந்தாள்.

தூணோரம் பாக்கியமும் எழுந்தாள்.

எந்த நன்றிக்கு இந்தப் பெயரை வாசித்தாலும் எப்ராயீமும் பாக்கியமும் சேர்ந்துதான் எழுவார்கள். நீங்களும் எங்கள் குடும்பம்தான் என்று முதல் வருஷம் எழுப்பிவிட்டது யார்? இவள்தான்.

போதகர் சீட்டைப் பார்த்தார். பாக்கியத்தைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கினார்.

எல்லோரும் கண்ணை மூட, இவள் பாக்கியத்தின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்டவரே, இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். இத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன்.

ஜெபம் முடிந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

அவள் உட்காரவில்லை.

கணவர் கைகாட்டினார். மகள் சேலையைப் பிடித்து இழுத்தாள். அவள் அசையவில்லை. வாயைத் திறந்தாள்.

அதற்குள் பாக்கியம் திரும்பிப் பார்த்துவிட்டாள். பதறி எழுந்து வந்து, அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள்.

"உக்காருங்கம்மா. ஒடம்பு இன்னும் தேறலயே, எதுக்கு நிக்கீய?"

அவள் உட்கார்ந்துவிட்டாள்.