காட்டிக்கொடுத்தவள்

ஸமீமா கொடுத்துவிட்ட பெருநாள் வட்டிலப்பத்தை டில்ஷானி அப்படியே குப்பை வாளிக்குள் கவிழ்த்தாள். "காட்டிக்கொடுத்துப்போட்டு இனிப்பு வேற அனுப்புறாள்!"

கொட்டாஞ்சேனை மாடிக் குடியிருப்பில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஸமீமாவுக்குப் பிரசவ வலி எடுத்தபோது ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் டில்ஷானி. அந்த ஸமீமாவின் போனில் இருந்துதான் பொலிஸுக்குக் கோல் போனதென்று, ஜூட்டைப் பிடிக்க வந்தவர்களில் ஒருவரே வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

ஜூட் டில்ஷானியின் ஒரே மகன். ஐஸ் போதைக்குள் விழுந்து ஒரு வருடமாகிறது. அவனுடைய வேலையிடத்தில் கேட்டால் காய்ச்சல் என்பாள், சொந்தக்காரர் கேட்டால் படிக்கிறான் என்பாள். அறைக்குள் பூட்டிவைத்தே பிள்ளையை மீட்டுவிடலாம் என்று நம்பியிருந்தாள்.

பொலிஸ் வந்த காலையில் அவன் குளித்து, அயர்ன் பண்ணிய சேர்ட்டைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தான். ஓடவில்லை. பயத்தில் பிள்ளை விறைத்துப்போனான் என்று டில்ஷானி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நீதிமன்றம் அவனைப் புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்பியது.

அன்றிலிருந்து ஸமீமாவை மாடிப்படியில் கண்டால் ஏச்சுத்தான். "உன்ட பிள்ளைக்கும் இப்பிடி நடக்கும், பார்!" என்றுகூட ஒருநாள் சொல்லிவிட்டாள். ஸமீமா குழந்தையை அணைத்துக்கொண்டு குனிந்த தலையோடு கடந்துபோனாள்.

பெருநாளுக்கு அடுத்த ஞாயிறு, சாந்த லூசியாள் கோயில் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத மனுசிக்குக் கைகூப்பினாள் டில்ஷானி. கண்ணுக்குள் ஸமீமாவின் முகம்தான் நின்றது.

பூசை முடிந்து எல்லோரும் போன பிறகும் அவள் முழங்காலில் இருந்தாள். "ஆண்டவரே, என்னால ஏலாது. அவளை மன்னிக்க நீர்தான் பலம் தரவேணும்."

எழும்பியபோது நெஞ்சுப் பாரம் குறைந்திருக்கவில்லை. ஆனால் கால்கள் நடந்தன. நேரே போய் ஸமீமாவின் கதவைத் தட்டினாள்.

"ஸமீமா, நீ செஞ்சது துரோகம்தான். கூடப்பிறந்தவள் மாதிரி வச்சிருந்தன் உன்னை. இப்பவும் நெஞ்சு எரியுது. ஆனா அயலவரை நேசிக்கச் சொல்லித்தான் ஆண்டவர் சொன்னவர். நான் உன்னை மன்னிச்சிட்டன்."

அத்தனை ஏச்சையும் வாய் திறவாமல் தாங்கிய ஸமீமாவால் அந்த மன்னிப்பைத் தாங்க முடியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

"வேணாம் அக்கா, மன்னிச்சிட்டேண்டு மட்டும் சொல்லாதீங்க. ஒருத்தருக்கிட்டயும் சொல்ல மாட்டேண்டு வாக்குக் குடுத்திட்டன்."

"வாக்கா? ஆருக்கு?"

"ஜூட்டுக்கு. 'அம்மாக்குத் தெரிஞ்சா என்னைப் போக விடமாட்டா'ண்டு அழுதான்."

டில்ஷானிக்கு விளங்கவில்லை. "எங்க போக?"

"என்ட போனை வாங்கி, 'என்னை வந்து பிடிச்சிட்டுப் போங்க'ண்டு பொலிஸுக்குச் சொன்னதே அவன்தான் அக்கா!"