ஐம்பது டிகிரி

"உங்க தம்பி பொண்டாட்டிக்கு ஃபேக்டரி ஸ்டோர்காரர் நல்ல என்சைம் கேனா பாத்துக் கொடுக்கறார். எனக்கு மட்டும் செத்துப்போன சரக்கு" என்று காலையிலேயே கணவனிடம் பொரிந்து தள்ளினாள் மூத்தவள்.

"ரெண்டும் ஒரே பெட்டியிலதானே வருது?" என்றான் அவன்.

"உங்க வீட்டு ஆளுங்களைச் சொன்னா உங்களுக்குப் பொறுக்காதே."

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்ட ஓரகத்திகள் இருவருக்கும் ஒரே ஜூஸ் ஃபேக்டரியில் வேலை. மூத்தவளுக்கு முதல் டேங்க், எட்டு வருஷமாக. இளையவளுக்கு இரண்டாவது டேங்க், எட்டே மாதமாக. பிழிந்த ஆப்பிள் சாறு கலங்கலாகத்தான் வரும். சூடாக்கி, ஒரு சின்னக் கேன் என்சைம் ஊற்றினால் டேங்க் முழுவதும் தெளிந்துவிடும். இளையவளுடையது ஒரு மணி நேரத்தில் தெளிந்தது. மூத்தவளுடையது மத்தியானம் வரை கலங்கியே கிடந்தது.

வயிறு எரியாதா? எரிந்தது.

வந்த புதிதில் இளையவள் சொல்லத்தான் செய்தாள். "அக்கா, எழுபது டிகிரி வேண்டாம். ஐம்பதுலதான் என்சைம் நல்லா வேலை செய்யும். எழுபதுல செத்துடும், அப்புறம் ஆற வெச்சாலும் எழுந்திருக்காது."

"சூடு ஏத்தினா எதுவும் சீக்கிரம் ஆகும். நேத்து வந்தவ எனக்குப் பாடம் எடுக்காதே."

அன்றோடு அந்தப் பேச்சு நின்றது.

இப்போது ஷிஃப்ட் தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார். "இந்த வாரம் யார் டேங்க் நல்லா வருதோ, அவங்களுக்குத்தான் அந்த நாற்காலி" என்று மேனேஜர் சொன்னதும் மூத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் 'அக்கா' என்று கூப்பிடுகிறவளிடம் போய் லீவு கேட்டு நிற்பதா?

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வழக்கம்போலச் சூட்டுக் குமிழை எழுபதில் வைத்தாள். வைத்தால் வைத்ததுதான், திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. நேரே கேன்கள் இருக்கும் குளிர் அறைக்குப் போனாள். இளையவளின் கேனிலிருந்த டேங்க் எண் லேபிளை உரித்துத் தன் கேனில் ஒட்டினாள், தன்னுடையதை அதில். நின்று, நிதானமாக அழுத்தி ஒட்டினாள்.

அன்று முதல் டேங்க் ஒரு மணி நேரத்தில் தெளிந்தது.

'நான் சொல்லலை? எல்லாம் கேன்ல இருக்கு!' என்று மனசு துள்ளியது. இரண்டாவது டேங்கும் எப்போதும்போலத் தெளிந்ததுதான் கொஞ்சம் இடித்தது. ஸ்டோர்காரர் இளையவளுக்கு ரகசியமாக இன்னொரு கேன் கொடுத்திருப்பார் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். வெள்ளி வரை ஐந்து நாளும் லேபிள் மாறியது.

சனிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். "ரெண்டு டேங்கும் பிரமாதம். அப்போ சர்வீஸைத்தான் பாக்கணும். நீங்களே உட்காருங்கம்மா."

இளையவள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப சந்தோஷம்க்கா."

உள்ளுக்குள் வெந்து சாகிறாள் என்று நினைத்தாள் மூத்தவள். நினைக்கவே இனித்தது.

புது நாற்காலியில் முதல் வேலை, ஒரு வாரமாக யாரும் பார்க்காமல் கிடந்த டேங்க் தாள்களைச் சரிபார்ப்பது. நாளுக்கு ஒரு தாள். சூட்டை மெஷினே கோடாகப் போட்டுவிடும். குமிழைத் தொடுகிறவர் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் டேங்கின் தாள்களைப் பிரித்தாள். ஐந்து நாளும் கோடு ஐம்பதைத் தாண்டவே இல்லை.

ஒவ்வொரு தாளிலும் '9.00, எழுபது' என்று அவள் கையெழுத்து. அதன் கீழே '9.10, ஐம்பது' என்று இளையவளின் கையெழுத்து.

ஒன்பது பத்து. மூத்தவள் குளிர் அறையில் நின்று லேபிளை அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்த நேரம்.