எண்ணாத மூச்சு

ஜெபக்கனி நாடித்துடிப்பை முழு நிமிடம் எண்ணுகிறவள். செவிலியர் கல்லூரியில் அவளுடன் படிப்பவர்கள் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கிக்கொள்வார்கள். எண்ணி முடித்த பின்பும் அவள் நோயாளியின் மணிக்கட்டை விடமாட்டாள். பிடித்தபடியே, மார்பு ஏறி இறங்குவதை இன்னொரு நிமிடம் எண்ணுவாள். எண்ணப்படுவதை அறிந்தால் மூச்சின் போக்கு மாறிவிடும்.

இன்று காலை அப்படிச் செய்யவில்லை.

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸுக்கு முன்னதாகவே வந்துவிட்டார். ஆறு கட்டில்கள் மீதியிருந்தன.

"ஏட்டி, மூச்சுக்கு எல்லாருக்கும் இருபதுன்னு போடு. நீ எண்ணி முடிக்கதுக்குள்ள அவங்க சொகமாயி வீட்டுக்கே போயிருவாங்க" என்று சிரித்தாள் தோழி மெர்லின்.

போட்டாள். ஆறு பேருக்கும் இருபது.

பெரிய டாக்டர் சார்ட்டுகளைப் பார்த்தார். தலையசைத்துவிட்டுப் போனார்.

அது பத்து மணிக்கு.

பன்னிரண்டு மணிக்கு, அந்த ஆறு பேரில் ஒருத்தியான நான்காம் கட்டில் பேச்சித்தாய் எழுந்து உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் அறுவை நடந்து மூன்று நாளாயிற்று. இரு கைகளையும் மெத்தையில் ஊன்றியிருந்தாள். மூக்கு விடைத்தது. மூச்சுக்கு மூச்சு கழுத்துக்குழி உள்வாங்கியது.

"என்னம்மா செய்யுது?"

"நெஞ்சு... அடைக்கு... தாயி."

ஜெபக்கனி மணிக்கட்டைப் பிடித்தாள். எண்ணினாள்.

முப்பத்தெட்டு.

கட்டிலின் தலைமாட்டை உயர்த்திவிட்டு வார்டு சிஸ்டரைக் கூவி அழைத்தாள். ஆக்சிஜன் வந்தது. டியூட்டி டாக்டர் ஓடி வந்தார்.

"காலைல மூச்சு எவ்வளவு?"

சிஸ்டர் சார்ட்டைப் புரட்டினார். "பத்து மணிக்கு இருபது, டாக்டர்."

"அப்ப திடீர்னு வந்திருக்கு. நுரையீரல்ல ரத்தக்கட்டி அடைச்சிருக்கும். ரத்தத்தை இளக்குற ஊசி எடுங்க."

"தையல் போட்டு மூணு நாள்தான் ஆகுது. உள்ள ரத்தம் கசிஞ்சிட்டா?"

"தெரியுது, சிஸ்டர். காலைலேர்ந்தே கொஞ்சங்கொஞ்சமா ஏறியிருந்தா நெஞ்சுச்சளியான்னு எக்ஸ்ரே எடுத்துப் பாத்திருக்கலாம். பத்து மணிக்கு நல்லா இருந்திருக்காங்களே."

சிஸ்டர் மருந்து அலமாரியைத் திறந்தார்.

ஜெபக்கனி பத்து மணிக்குப் பேச்சித்தாயின் முகம் எப்படியிருந்தது என்று நினைவுக்குக் கொண்டுவர முயன்றாள். வரவில்லை. சார்ட்டை மட்டுமே பார்த்திருந்தாள்.

எதிர்க்கட்டிலின் அருகே மெர்லின் நின்றிருந்தாள். கண்ணால், சொல்லவேண்டாம் என்றாள்.

பொய்க் கணக்கு எழுதியவளைக் கல்லூரியில் வைத்திருக்கமாட்டார்கள். பெட்டியைக் கட்டச் சொல்வார்கள். அப்பா வந்து அழைத்துப்போக வேண்டியிருக்கும். பேருந்தில் அவர் ஒரு வார்த்தையும் பேசமாட்டார்.

சிஸ்டர் ஊசிக்குழலில் மருந்தை ஏற்றினார்.

பேச்சித்தாயின் கழுத்துக்குழி உள்வாங்கிக்கொண்டே இருந்தது.

ஜெபக்கனி, தான் எண்ணாமல் எழுதியதுதான் அந்த இருபது என்பதை ஊசி ஏறுமுன் சொல்லிவிடுவதென்று தீர்மானித்தாள்.