சுவர் பக்கமாத் திருப்புங்க

"யோவ் பாலீஷ், டயர்ல என்னத்தய்யா தடவி வச்சிருக்க? முகம் தெரியுது."

முதலாளி சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பாலீஷ் சோப்புத் தண்ணீர் வாளியைத் தேடி ஓடினார்.

கார் கழுவும் கடையில் பாதி ஆயுளைக் கழித்ததால் வந்த பெயர் அது. அங்கே எந்த வண்டி வெளியே போனாலும் கடைசியாக டயருக்கு ஒரு பூச்சு பாலீஷ் உண்டு. பந்தயக் கார் பட்டறைக்கு வேலை மாறி வந்த பிறகும் கை அதை மறக்கவில்லை. புத்தம் புது டயர், போட்டோ எடுக்க வேறு ஆள் வந்திருந்தது. மூளையைக் கேட்காமலே கை வேலையை முடித்துவிட்டது. பக்கவாட்டில் மட்டும் பூசியிருந்தால் தொலைகிறது. தரையில் படுகிற இடத்தையும் விட்டுவைக்கவில்லை. எதையும் அரைகுறையாகச் செய்து அவருக்குப் பழக்கமில்லை.

இது நேர்கோட்டுப் பந்தயம். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் சீறிக் கிளம்பும். நடுவே பெயருக்கு ஒரு வெள்ளைக் கோடு, இரண்டு ஓரத்திலும் சுவர். டயர் தரையைக் கவ்வினால் அது கார். கவ்வாவிட்டால் ஈரச் சோப்புக்கட்டி. எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது.

சோப்புத் தண்ணீரை ஊற்றி, கை எரிய எரியத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க டயர் இன்னும் அழகாகிக்கொண்டே போனது.

"டயர் தரையைப் பிடிக்குமா மேஸ்திரி?"

"பிடிச்சா பிடிக்கும்," என்றார் பட்டறை மேஸ்திரி.

"பிடிக்கலைன்னா?"

"பிடிக்காது."

கொடி வைத்திருந்த அதிகாரியிடம் பாலீஷ் ஓடினார். "சார், இந்த ஒரு ஓட்டத்தை நிறுத்த முடியுமா?"

"கார் உங்களோடதா?"

"பாலீஷ் மட்டும்தான் சார் நம்மளோடது."

"ஓனரை வரச் சொல்லுங்க."

இன்றைக்கு யாரிடமிருந்தும் நேரான பதில் கிடைக்கிற நாளாகத் தெரியவில்லை. காலையில் வீட்டில் ஒரு கேள்வி கேட்டதற்கும், "டீ ஆறுது, குடிங்க" என்றுதான் பதில் வந்தது.

முதலாளி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாலீஷ் ஜன்னலைப் பிடித்துத் தொங்கினார்.

"முதலாளி, இன்னிக்கு வேணாமே."

"பக்கத்துல நிக்கிற நீலக் காரைப் பாத்தியா? போன தடவை என் மூஞ்சில புகையை ஊதிட்டுப் போச்சு. இன்னிக்கு விடுறதா இல்ல."

"அப்போ தண்ணி தெளிச்ச இடத்துல சக்கரத்தை நல்லாச் சுத்த விடுங்க. புகை வரணும். பாலீஷெல்லாம் எரிஞ்சு போகட்டும்."

"சரி."

"அப்படியும் வழுக்கினா, சுவர் பக்கமாத் திருப்பிடுங்க."

"சுவர் மேலயா? ஆளை முடிக்கப் பாக்குறியா?"

"நம்ம பக்கச் சுவர்ல பழைய டயரா அடுக்கி வச்சிருக்காங்க முதலாளி. மெத்தை மாதிரி இருக்கும்."

முதலாளி அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பாலீஷின் கண் கலங்கியிருந்தது.

"என் பொண்டாட்டிகூட எனக்காக இப்படிப் பயந்ததில்லய்யா."

பாலீஷ் தலையைக் குனிந்துகொண்டார்.

பின்சக்கரங்கள் ஈரத்தில் சுழன்று வெள்ளைப் புகையைக் கக்கின. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவர் முனகியது யார் காதிலும் விழவில்லை. பச்சை எரிந்தது. இரண்டு கார்களும் பாய்ந்தன. பாதி தூரம்கூடப் போகவில்லை, முதலாளி காரின் பின்பக்கம் ஆடியது. மூக்கு திரும்பியது. வெள்ளைக் கோட்டைத் தாண்டி நீலக் காரை நோக்கிச் சரிந்தது.

பாலீஷ் கண்ணை மூடிக்கொண்டார்.

மோதிய சத்தம் எதுவும் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது முதலாளியின் கார் சுவரோரமாக ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. நீலக் கார் எல்லையைத் தாண்டியிருந்தது.

அவர் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்வதற்குள் முதலாளி இறங்கிவிட்டார். தோற்ற ஆளுக்கு உண்டான முகமே இல்லை.

"நீ சொன்ன மாதிரியே சுவர் பக்கம் திருப்பினேன்யா. திருப்பினதும் டயர் கப்புனு பிடிச்சிடுச்சு. எனக்காக அழுத ஒரே ஆள் நீதான், வா இங்க."

இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

பாலீஷ் அந்தக் கைகளுக்குக் கீழே குனிந்து, அவரைத் தாண்டி ஓடினார். நீலக் காரிலிருந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்த பெண்ணிடம், காலையில் வீட்டில் கேட்ட அதே கேள்வியை மூச்சிரைக்கக் கேட்டார்.

"பயமா இல்லையாம்மா உனக்கு?"

"ரொம்பப் பயமா இருந்துச்சுப்பா," என்றாள் மகள்.